கைக்கும் சாலைக்கும் நடுவே

(ஆட்டோமொபைல் பொறியியல் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மீது பித்துக் கொண்டவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. புது மாடல் எது வந்தாலும் முகம் சுளிப்பார்கள், பழசைத்தான் புகழ்வார்கள், பத்து வருடம் கழித்து, அன்று திட்டித் தீர்த்த மாடலையே தேடிப் பிடித்து வாங்குவார்கள் என்பார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். இந்தக் கார் பிரியர்கள் சொல்லும் குறைகளில் சில, ஐந்தாறு ஆண்டுகளில் தானாக அடங்கிவிடுகின்றன. வேறு சில அடங்குவதே இல்லை; கடைசியில் கம்பெனிதான் இறங்கி வருகிறது. அடங்காத குறைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அவை ஓட்டுபவரின் கையையும் காலையும் காதையும் தொட்ட மாற்றங்களைப் பற்றியவை. பானெட்டுக்கு அடியில் என்ன மாறினாலும் மன்னித்துவிடுகிறார்கள். ஸ்டீயரிங்கிலும் கியரிலும் கைவைத்தால் மன்னிப்பதில்லை. அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு ஒரு காரைப் பிடித்துக்கொள்கிறேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்து போர்ஷே நிறுவனத்தின் 911. அறுபது ஆண்டுகளாக ஒரே பெயரில், ஒரே அடிப்படை அமைப்பில் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. 2017 மே மாதம் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான கார் கிடைக்காது.

1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இதை முதலில் காட்டினார்கள். அன்றைக்கு இதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆனது. வடிவமைத்தவர் நிறுவனரின் பேரன் பெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே. இன்ஜின் பின்பக்கம், அதுவும் பின் சக்கரங்களுக்கும் பின்னால் தொங்கும். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுக்கைவாட்டில் எதிரெதிரே கிடக்கும். இரண்டு லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைத்திறன், காரின் எடை 1,080 கிலோ. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது.

ஏர் கூல்டு இன்ஜின் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் நிற்குமே, அதே ஏற்பாடுதான். புல்லட் ஓடும்போது எதிர்காற்று சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. 911-இல் இன்ஜின் பின்னால் மூடிக் கிடப்பதால், பெல்ட்டில் ஓடும் பெரிய விசிறி ஒன்று அந்தத் தகடுகள் மேல் காற்றை அடிக்கும். மீதிச் சூட்டைத் தனித் தொட்டியில் இருக்கும் ஏராளமான ஆயில் சுமக்கும். விசிறியின் இரைச்சலும், ஆறு சிலிண்டர்களின் உலோகக் கரகரப்பும் கலந்து ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே உயிரை விடும் ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

தொடக்கத்திலேயே இந்தக் காரில் ஒரு கோளாறு இருந்தது. எடையெல்லாம் பின்னால் இருப்பதால், வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். அதைக் குறைக்க ஒரு கட்டத்தில் முன் பம்பரின் மூலைகளுக்குள் எடைக்கட்டிகளை வைத்து அனுப்பினார்கள். பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். அன்றைக்கு நின்று வாதிட ஆள் இல்லை. கார் பாதுகாப்பானது, அவ்வளவுதான். 1974 மாடலில் அமெரிக்கச் சட்டத்துக்காகப் பெரிய பம்பர்கள் வந்தபோது வடிவம் கெட்டது என்றார்கள். அந்தப் பம்பர் வைத்த கார்களை இன்றைக்கு அந்தப் பம்பருக்காகவே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றம் பற்றிய குறை இப்படித்தான் கரையும்.

இந்தக் கார் 1980-களைத் தாண்டியதே பெரிய சங்கதி. 911-க்கு வயதாகிவிட்டது, இதன் இடத்துக்கு முன்பக்கம் தண்ணீர் குளிர்விக்கும் வி8 இன்ஜின் கொண்ட 928 வரட்டும் என்று அன்றைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன் முடிவு செய்திருந்தார். 928 மோசமான கார் இல்லை. 1978-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. ஆனால் 911 வாங்குகிறவர்கள் அதன் பக்கம் திரும்பவில்லை. 1981-இல் பீட்டர் ஷுட்ஸ் தலைவராக வந்தார். பொறியியல் பிரிவின் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. மற்ற மாடல்களின் கோடுகள் நீண்டு போக, 911-இன் கோடு மட்டும் 1981-இல் நின்றிருந்தது. ஷுட்ஸ் மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளின் விளிம்பு வரை இழுத்து, அதற்கும் அப்பால் சுவரிலேயே இழுத்துக்கொண்டு போனாராம். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பற்றைச் சரியாகப் படித்த சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் சிறியவை அல்ல. 1989-இல் வந்த 964 தலைமுறையில் பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், நான்கு சக்கர இயக்கம், தானியங்கி கியர் எல்லாம் வந்தன. பழைய முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன் போய் சுருள்வில் வந்தது. அன்றைய பிரியர்களுக்கு 964 அவ்வளவு பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைத்ததும் அதனால்தான். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெரிய இடி விழுந்தது 1997-இல்.

அந்த ஆண்டு வந்த 996 தலைமுறையில் மூன்று காரியம் செய்தார்கள். இன்ஜினுக்குத் தண்ணீர் வைத்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளாக இருந்த வட்ட ஹெட்லைட்டை எடுத்துவிட்டு, இண்டிகேட்டரும் ஒட்டிக்கொண்ட, கீழே வழிந்த வடிவத்தில் ஒரு ஹெட்லைட்டை வைத்தார்கள். அதற்கு ஜெர்மனியிலேயே ‘பொரித்த முட்டை’ என்று பெயர் விழுந்தது. காரின் முன்பாதியை, அதைவிட விலை குறைந்த பாக்ஸ்டர் என்ற காரோடு பங்கு போட்டார்கள். பெரும்பணம் கொடுத்து 911 வாங்கியவர் எதிரே பாக்ஸ்டர் வந்தால் கண்ணாடியைப் பார்த்தது போல இருந்தது.

கம்பெனி ஏன் இதைச் செய்தது என்பதைப் பொறியியல் மாணவர்கள் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் காரணம் வெப்பம். கூடுதல் சக்தியும் குறைந்த புகையும் வேண்டுமென்றால் சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்க வேண்டும். நான்கு வால்வு வைத்தால் இரண்டு எக்சாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே உள்ள குறுகிய உலோகப் பாலம் அளவுக்கு மீறிச் சூடேறும். அந்த இடத்துக்குக் காற்று போய்ச் சேராது, தண்ணீர் போகும். இது போர்ஷேக்கு 1997-இல் திடீரென்று தெரிந்த விஷயம் இல்லை. 1980-களின் 959 காரிலேயே சிலிண்டருக்குக் காற்றும், அதன் மேலுள்ள ஹெட்டுக்குத் தண்ணீருமாக வைத்திருந்தார்கள். இரண்டாவது காரணம் சத்தம் பற்றிய சட்டம். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சத்தத்தையும் குடிக்கும். தகடுகள் சத்தத்தைப் பரப்பும். மூன்றாவது காரணம் பணம். 1986-இல் ஆண்டுக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்ற நிறுவனம், 1990-களின் தொடக்கத்தில் 15,000-க்கும் கீழே விழுந்திருந்தது. வெண்டலின் வீடேகிங் தலைமைக்கு வந்து, ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்து, தொழிற்சாலையையே மாற்றி அடுக்கினார். இரண்டு கார்கள் ஒரே முன்பாதியைப் பகிர்ந்துகொண்டது அந்தச் சிக்கனத்தின் விளைவு. அதைச் செய்திருக்காவிட்டால் போர்ஷே தனி நிறுவனமாக நின்றிருக்குமா என்பதே சந்தேகம்.

காரணங்கள் எல்லாம் சரி. ஆனாலும் 1998-இல் கடைசி ஏர் கூல்டு 911 தொழிற்சாலையை விட்டுப் போனபோது, ஒரு யுகம் முடிந்தது என்று துக்கம் கொண்டாடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சத்தம் போயிற்று. தரையிலிருந்து முளைத்து நின்ற பெடல்கள் போய், மற்ற கார்களைப் போல மேலிருந்து தொங்கின. ஒரு பழைய 911-இல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுவது காதில் விழும். கண்ணாடி கிட்டத்தட்டச் செங்குத்தாக, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஆர்பிஎம் மீட்டர். சாவித்துவாரம் இடதுகைப் பக்கம். கிளட்சை மிதித்தால் பாதம் தரையை ஒட்டி வளைந்து இறங்கும். நகர ஆரம்பித்த முதல் நூறு அடியிலேயே, சாலையில் போட்ட தாரின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கையில் ஏறும். இவ்வளவும் பழகிப்போன ஒருவரிடம் போய், புது இன்ஜின் 300 குதிரைத்திறன் தரும், புகை குறைவு என்றால் அவர் காதில் ஏறாது.

சரி, அன்று சொன்ன குறைகள் என்ன ஆயின? ஹெட்லைட் விஷயத்தில் கம்பெனி ஏழே ஆண்டில் பணிந்தது. 2004-இன் 997 தலைமுறையில் வட்ட ஹெட்லைட் திரும்ப வந்தது. ஆனால் இருபது வயதில் 996-ஐச் சுவரொட்டியில் பார்த்து ஏங்கிய தலைமுறை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கு அந்தப் ‘பொரித்த முட்டை’தான் 911-இன் முகம். தண்ணீர் பற்றிய குறை அதைவிட வேகமாகக் கரைந்தது. காரணம் சுவையானது. 996 தலைமுறையிலேயே 1999-இல் ஜிடி3 என்ற பந்தய ரகக் கார் வந்தது. அதன் இன்ஜினின் அடித்தளம் ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த பழைய பரம்பரையைச் சேர்ந்தது. ஆனால் தண்ணீரில் குளிர்வது. தண்ணீர் என்றாலே காதைப் பொத்திக்கொண்டவர்கள் இந்தக் காரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஸ்டீயரிங் பேசியது, கியர் கையில் இருந்தது, இன்ஜின் மேலே மேலே சுழன்றது. தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண 996-இன் புது இன்ஜினைப் பற்றிய பயத்தில் ஒன்று மெய்யானது. உள்ளே இருக்கும் இடைத்தண்டின் பேரிங் சில கார்களில் உடைந்து, இன்ஜினையே நாசமாக்கியது. அது உணர்ச்சி சார்ந்த குறை இல்லை, பொறியியல் குறை. ஜிடி3-யிலும் டர்போவிலும் அந்தப் பேரிங் இல்லாததால் அவற்றின் மதிப்பு இன்னும் கூடியது.

இனி ஸ்டீயரிங்குக்கு வருகிறேன். 2011-இல் வந்த 991 தலைமுறையில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு மின்மோட்டார் ஸ்டீயரிங் வைத்தார்கள். ஹைட்ராலிக் பம்பை இன்ஜின் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார், திருப்பும்போது மட்டும் வேலை செய்யும். பெட்ரோல் மிச்சம். பாதை விலகாமல் காரைப் பிடித்து வைக்கும் உதவிகள், தானே பார்க்கிங் செய்துகொள்ளும் வசதி எல்லாவற்றுக்கும் மோட்டார் தேவை. முடிவில் தவறில்லை. ஆனால் ஓட்டியவர்கள் உடனே சொன்னார்கள்: கை மரத்துப்போய்விட்டது. முன் டயர் எப்போது பிடி விடப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லும் மெல்லிய அதிர்வு காணவில்லை. இந்தக் குறை இன்றைக்கும் முழுவதுமாக அடங்கவில்லை. கம்பெனி ஒவ்வொரு தலைமுறையிலும் மென்பொருளைத் திருத்தித் திருத்தி, எடுத்த உணர்வைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டது. ஜிடி3 போன்றவற்றில் அது பெரிதும் பலித்தது. ஆனால் 997-ஐ விற்க மாட்டேன் என்று பிடிவாதமாக வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஸ்டீயரிங் பேச்சு வராமல் இருக்காது.

அதைவிடத் தெளிவான சாட்சி கியர். 2013-இல் வந்த புது ஜிடி3-யில் கைகியரே கிடையாது. இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி மட்டும்தான். காரணம் எளியது: பந்தயப் பாதையில் ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று கணக்கிட்டால் எந்த மனிதக் கையும் அந்த இயந்திரத்துக்கு ஈடாகாது. அடுத்த ஆண்டே சில கார்கள் தீப்பிடித்ததால், இன்ஜினுக்குள் இருந்த போல்ட்டுகளின் குறைக்காக 785 கார்களின் இன்ஜின்களை நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், தீப்பிடித்த விஷயத்தைக் கூட மறந்துவிட்டார்கள். கியரை எடுத்ததை மறக்கவில்லை. 2016-இல் 911 ஆர் என்று ஒரு கார் வந்தது. ஜிடி3 ஆர்எஸ்ஸின் கூர்மையான இன்ஜின், 500 குதிரைத்திறன், பின்னால் பெரிய இறக்கை இல்லை, கைகியர் மட்டும். மொத்தம் 991 கார்கள். அவை கைமாறிய விலை, அசல் விலையைப் பல மடங்கு தாண்டியது. மறு ஆண்டே ஜிடி3-யில் கைகியர் திரும்பி வந்தது. 2023-இல் அறுபதாம் ஆண்டுக்காக வந்த எஸ்/டி மாடலில் கைகியரைத் தவிர வேறு வழியே வைக்கவில்லை. சுற்று நேரத்தில் தோற்கும் காரை, கூடுதல் காசு கொடுத்து, வரிசையில் நின்று வாங்குகிறார்கள். நேரம் மிச்சப்படுத்த யாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்போர்ட்ஸ் காரை எடுப்பதில்லை என்பது பொறியாளர்களுக்குப் புரிய மூன்று ஆண்டுகள் பிடித்தன.

பழைய காரைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறவர்களைப் பார்த்தாலும் இதே விஷயம் வேறு பக்கத்திலிருந்து தெரியும். கலிபோர்னியாவில் சிங்கர் என்ற பட்டறை 2009-இல் தொடங்கியது. தொடங்கிய ராப் டிக்கின்சன், இங்கிலாந்தின் கேத்தரின் வீல் இசைக்குழுவில் பாடியவர். அவர்கள் 964-ஐ எடுக்கிறார்கள். தகட்டை எல்லாம் உரித்து, கார்பன் ஃபைபரில் புது உடல் செய்து, 1970-களின் தோற்றத்தைக் கொடுத்து, இன்ஜினைப் பெரிதாக்கி, ஒவ்வொரு திருகையும் நகை போலச் செய்து தருகிறார்கள். ஒரு கட்டத்தில் பிரிட்டனின் வில்லியம்ஸ் பொறியியல் பிரிவோடு சேர்ந்து, ஹான்ஸ் மெட்ஸ்கரிடமே ஆலோசனை கேட்டு, 500 குதிரைத்திறன் தரும் நான்கு லிட்டர் இன்ஜின் செய்தார்கள். அதற்கும் குளிர்விப்பது காற்றுதான். கணக்குப்படி பார்த்தால் அசல் காரில் மிஞ்சியது வெகு சொற்பம். ஆனாலும் அசல் மாறக்கூடாது என்பவர்களில் பலரே இவர்களைப் போற்றுகிறார்கள். உட்கார்ந்தால் கண்ணுக்கும் கைக்கும் படுவதெல்லாம் பழைய 911, அதனால்தான்.

சிங்கரின் வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. 964 பிடிக்காத காராக, மலிவாகக் கிடைத்த காலத்தில் பட்டறைக்காரர்கள் அதைக் கச்சாப் பொருளாக எடுத்தார்கள். இப்போது 964-க்கே பிரியர்கள் பெருகிவிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 964 ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. இன்று யாரும் சீண்டாத எந்த மாடலும் நாளை இந்த நிலைக்கு வரலாம்.

ஜப்பானின் அகிரா நகாய் செய்வது இன்னும் கடுமை. ராவ் வெல்ட் என்ற பெயரில், பழைய 911-களின் சக்கரங்களை மூடும் தகட்டு விளிம்புகளை ரம்பத்தால் அறுத்து, அகலமான புது விளிம்புகளைத் தன் கையாலேயே பொருத்துகிறார். உலகின் பல ஊர்களில் அவருக்கு ரசிகர் கூட்டம். அந்தக் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுத்த தகடு அறுத்ததுதான். பழையபடி ஆக்குவது பெரும்பாடு, பெருஞ்செலவு. லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் மேக்னஸ் வாக்கர் வேறு வகை. 2012-இல் அவரைப் பற்றி ‘அர்பன் அவுட்லா’ என்ற குறும்படம் வந்தது. அவர் தன் கார்களில் பல தலைமுறை உதிரிபாகங்களைக் கலந்து தன் ரசனைக்கு மாற்றுகிறார். ஆனால் அவற்றைத் தினமும் சாலையில் ஓட்டுகிறார். ஓட்டாமல் கண்ணாடிக் கூண்டில் வைத்த அசலைவிட அது மேல் என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் பல நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். அரங்கத்தில் இதைப் பற்றித்தான் கூடுதல் எதிர்பார்ப்பு இருக்கும் என்று தெரியும்.

1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப், பார்த்தவர்கள் மறக்காத கார். 2017-இல் ஜாகுவார் நிறுவனமே 1968-ஆம் ஆண்டு ஈ-டைப் ஒன்றை எடுத்து மின்சாரக் காராக மாற்றிக் காட்டியது. ஈ-டைப் ஜீரோ என்று பெயர். ஆறு சிலிண்டர் இன்ஜின் இருந்த இடத்தில், கிட்டத்தட்ட அதே அளவில், அதே எடையில் பேட்டரி. கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மோட்டார். எடை விநியோகம் மாறவில்லை. அதனால் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் தொடவில்லை. 40 கிலோவாட்-மணி பேட்டரி, ஒருமுறை ஏற்றினால் 270 கிலோமீட்டர் போகும். அசலைவிட 46 கிலோ எடை குறைவு, வேகமெடுப்பதும் விரைவு. 2018 மே 19 அன்று இளவரசர் ஹாரியும் மேகனும் திருமணம் முடிந்து வரவேற்புக்குப் போனது இந்தக் காரில். உலகமே பார்த்தது.

பொறியியல் வேலை என்று பார்த்தால் அழகான வேலை. ஆனால் ஈ-டைப்பின் உயிரே அந்த நீண்ட பானெட்டுக்கு அடியில் இருந்த இன்ஜின். பந்தயங்களில் வென்ற பரம்பரை. அதை எடுத்துவிட்டால் சத்தம் போகும், கிளட்ச் போகும், கியர் போகும். கை, கால், காது மூன்றும் ஒரே நாளில் வேலை இழக்கும். பிரியர்கள் கொதித்தார்கள். அந்தத் திட்டத்தை 2019-இல் ஜாகுவார் நிறுத்தி வைத்தது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, அதே ஆண்டு தன் நிலையைத் தெளிவாகச் சொன்னது: மின்சாரத்துக்கு மாற்றிய வண்டி வரலாற்று வாகனம் என்ற வரையறைக்குள் வராது, மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற விதத்தில் செய்யுங்கள், கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். இந்த வாசகத்தில் இரண்டாம் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. ஜாகுவாரும் தன் மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம் என்றுதான் சொன்னது. அந்த வகையில், விளிம்பை அறுத்த 911-ஐவிட மின்சார ஈ-டைப் அசலுக்கு விசுவாசமானது. பலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழையபடி ஆக்க முடிகிற விதத்தில் செய்த மாற்றத்தை, சத்தம் இல்லை என்பதற்காக அழிவு என்பது சரியில்லை.

பெட்ரோலையே மாற்றிவிட்டு இன்ஜினைக் காப்பாற்றும் முயற்சியும் நடக்கிறது. சிலியின் தென்கோடியில், புன்டா அரேனாஸ் அருகே, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்து, கரியமில வாயுவோடு சேர்த்து, செயற்கைப் பெட்ரோல் செய்யும் சோதனை ஆலையில் போர்ஷே பங்கெடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே முதல் எரிபொருளை ஒரு 911-இல்தான் நிரப்பினார்கள். விலையும் அளவும் இன்னும் எட்டாக் கனி. ஆனால் பழைய இன்ஜினைக் கழற்றாமலே வைத்திருக்க வழி தேடும் ஒரு பாதை என்ற அளவில் இதற்கு என் ஆதரவு உண்டு.

911-ம் சும்மா இருக்கவில்லை. 2024-இல் வந்த ஜிடிஎஸ் மாடலில், சாலையில் ஓடும் 911-களில் முதன்முறையாக, ஹைப்ரிட். 3.6 லிட்டர் இன்ஜினுடன், டர்போவுக்குள்ளும் கியர்பாக்ஸுக்குள்ளும் மின்மோட்டார்கள். மொத்தம் 541 குதிரைத்திறன். எடை ஐம்பது கிலோ வரை கூடியது. இதைப் பற்றி இன்று எழும் குறைகளும் ஒருநாள் தண்ணீர் பற்றிய குறையைப் போல அடங்கும் என்றே நினைக்கிறேன். அதே காரில் வந்த இன்னும் சில மாற்றங்கள் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். 1963 முதல் நடுவில் நின்ற முள் வைத்த ஆர்பிஎம் மீட்டர் போய், முழுக்க முழுக்கத் திரை வந்துவிட்டது. இடதுகையால் திருகி ஸ்டார்ட் செய்யும் வழக்கம் போய், பொத்தான் வந்துவிட்டது. ஹைப்ரிட் மாடலுக்குக் கைகியர் இல்லை. பொத்தான் ஒரு சின்ன விஷயம், இதற்கா இவ்வளவு என்பீர்கள். அறுபது ஆண்டுகளாக ஒவ்வொரு பயணமும் அந்தக் கை அசைவில்தான் தொடங்கியது. குதிரைத்திறனில் கவனம் வைத்த கம்பெனி, எதை எடுக்கிறோம் என்று பார்க்கவில்லை.

கடைசியாக, சட்டம். ஜெர்மனியில் முப்பது ஆண்டு தாண்டிய வண்டிக்கு நம்பர் பிளேட்டில் ‘எச்’ எழுத்து தருகிறார்கள். வரி குறையும், புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகலாம். அசல் நிலை காக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வண்டி புதிதாக இருந்த காலத்தில் வழக்கமாகச் செய்த மாற்றங்களை ஏற்கிறார்கள். 1970-களில் ஒருவர் மாட்டிய அன்றைய சக்கரமும் வரலாறுதானே என்ற புரிதல் அதில் இருக்கிறது. நம் நாட்டில் 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய, சேசிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துடன் எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. நல்ல தொடக்கம். ஆனால் அறுத்து ஒட்டிய மாற்றத்தையும், கழற்றி மாட்டக்கூடிய மாற்றத்தையும் இந்த விதி ஒரே தட்டில் வைக்கிறது. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பழைய கார்களைக் குடும்பச் சொத்தாகக் காத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அசல் இன்ஜினுக்கு உதிரிபாகம் கிடைக்காமல், டீசல் இன்ஜினோ வேறு காரின் இன்ஜினோ வைத்து உயிர் கொடுத்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். கழற்றிய அசல் இன்ஜின் அதன் எண்ணோடு ஷெட்டில் பத்திரமாக இருந்தால், அதையும் ஆர்சி புத்தகத்திலேயே பதிந்து, அந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாக ஏற்கலாம். இந்தத் திருத்தத்துக்கு நீங்கள் படிக்கிற படிப்பே போதும்: எந்த மாற்றம் திரும்பும், எது திரும்பாது என்று ஒரு மெக்கானிக்கோடு உட்கார்ந்து பட்டியல் போடத் தெரிந்தவர்கள் வேண்டும். உங்களில் யாருக்காவது ஆர்வம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். அந்தப் பட்டியலை இங்கேயே ஆரம்பிக்கலாம்.